இடமிருந்து வலமாக

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நின்றால் என் அப்பா கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போடுவார். தண்டவாளத்தில் அடிபட்டது, ஆற்றில் ஒதுங்கியது, பஸ் ஸ்டாண்டு ஓரம் தூங்கியபடியே போனது என்று எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாவது வரும். ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 45’ என்று ஏட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா குந்தி உட்கார்ந்து, ஈரத்துண்டால் அந்த முகத்தைத் துடைப்பார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவார். மூடிய கண்ணை விரலால் கொஞ்சம் திறந்துவிடுவார். எனக்கு அப்போது 17 வயது. பிளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

“இங்க பாருடா. யாராவது ஒருத்தன் வந்து, ஐயோ இது எங்க அண்ணன்னு சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் படம்” என்பார்.

அப்பாவுக்குப் பிறகு 38 வருஷம் அந்த ஸ்டூடியோவை நான் நடத்தினேன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் எடுத்தேன். சாவு வீட்டுப் படமும் எடுத்தேன். ஆனால் ‘அடையாளம் தெரியாத’ என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் எனக்கு அப்பாவின் ஈரத்துண்டுதான் ஞாபகம் வரும். எங்கள் தொழிலில் அது செத்தவரைக் குறிக்கும் வார்த்தை. அமெரிக்காவில் அறுபது எழுபது வருஷ காலம் அதே வார்த்தையைக் கொன்றவர்களுக்குப் போட்டு எழுதினார்கள் என்பது எனக்கு 62 வயதில்தான் தெரிந்தது.

அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடிமனான புத்தகம் ஒன்று மேசையில் இருந்தது. ஜேம்ஸ் ஆலன் என்று ஒருவர், அதே அட்லாண்டாவில் பழம்பொருள் வாங்கி விற்பவர். சந்தைகளிலும் பழைய வீடுகளிலும் வருஷக்கணக்காகத் தேடிச் சேர்த்த படங்கள் அவை. 2000-ம் ஆண்டு நியூயார்க்கில் முதலில் காட்சிக்கு வைத்தாராம். பிறகு புத்தகமாகவும் வந்திருக்கிறது. பழைய போட்டோ என்றால் என் கை தானாகப் போகும்.

“அப்பா, அது வேண்டாம். நீங்க பார்க்கிற மாதிரி படம் இல்ல” என்றாள்.

“நான் பார்க்காத பொணமா பாப்பா?” என்று சொல்லித்தான் திறந்தேன்.

இண்டியானா மாநிலம், மேரியன் என்ற ஊர், 1930 ஆகஸ்ட் 7 ராத்திரி. நீதிமன்ற வளாகத்து மரத்தில் இரண்டு கறுப்பின இளைஞர்கள் தூக்கில் தொங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து நான் பதறினேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பதறியது கீழே நின்றவர்களைப் பார்த்து. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், எல்லாரும் வெள்ளையர்கள். மீசை வைத்த ஒரு ஆள், பச்சை குத்திய கையை நீட்டி மேலே சுட்டிக் காட்டியபடி நேராக லென்ஸைப் பார்க்கிறார். ஓரத்தில் ஒரு இளம் ஜோடி. பையன் முகத்தில் சிரிப்பு. திருவிழாவில் ராட்டினத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களின் நிற்பு அது. ஒருவர்கூட முகத்தை மறைக்கவில்லை. ஒருவர்கூட ஆடவில்லை. இருட்டில், பிளாஷ் வெளிச்சத்தில், இத்தனை முகம் இவ்வளவு துல்லியமாக விழ வேண்டுமானால் போட்டோகிராபர் ‘இங்கே பாருங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களும் சொன்னபடி நின்றிருக்க வேண்டும். குரூப் போட்டோ எடுத்துக் கை காய்த்தவன் சொல்கிறேன், இது ஒளிந்திருந்து எடுத்த படம் இல்லை.

எடுத்தவர் லாரன்ஸ் பைட்லர், அந்த ஊர் ஸ்டூடியோக்காரர். என்னைப் போலக் கல்யாணமும் குரூப்பும் எடுத்துப் பிழைத்தவர். இந்த ஒரு படத்தைப் பத்து நாள் இரவும் பகலுமாக ஆயிரக்கணக்கில் பிரிண்ட் போட்டு, ஒன்று 50 சென்டுக்கு விற்றார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். என்ன நடந்திருக்கும் என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை; என் கைக்கே தெரியும். டார்க் ரூமில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வெளிச்சம் காட்டிய பேப்பரை டெவலப்பரில் போட்டுத் தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். வெறும் வெள்ளைத் தாளில் முதலில் கறுப்புதான் எழும்பும். இந்தப் படத்தில் அது ராத்திரி வானம். பிறகு தலைமுடிகள், தொப்பிகள், கண்கள். கடைசியில் கன்னமும் நெற்றியும். பிறகு ஹைப்போ, பிறகு அரைமணி நேரம் தண்ணீர், பிறகு உலர்த்தல். ஒவ்வொரு பிரிண்டுக்கும் இதே பாடு. அந்த இரண்டு பேரும் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி வருவதை ஒரு மனிதர் எத்தனை ஆயிரம் தடவை பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்!

அந்தப் புத்தகத்தில் இருக்கும் பிரதி வெறும் பிரிண்ட் அல்ல, கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தது. கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே இறந்தவரின் தலைமுடிக் கற்றையை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். நானும் எத்தனையோ வீடுகளுக்கு ஃபிரேம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்பா படத்தோடு அவர் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து வைத்துத் தரச் சொன்ன பிள்ளைகள் உண்டு. அதே வேலை, அதே அளவெடுத்தல், அதே அட்டை வெட்டும் கத்தி.

தொங்கியவர்கள் தாமஸ் ஷிப், ஏப்ராம் ஸ்மித். வெள்ளைத் தொழிலாளி ஒருவரைச் சுட்டார்கள், அவரோடிருந்த பெண்ணைக் கெடுத்தார்கள் என்று புகார். அந்தப் பெண் பிற்பாடு அப்படி நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். வழக்கு கோர்ட்டுக்கே போகவில்லை. ஜெயிலைச் சம்மட்டியால் உடைத்துக் கூட்டம் உள்ளே புகுந்தது. மூன்றாவதாக இழுத்து வரப்பட்டவர் ஜேம்ஸ் கேமரன், 16 வயது. ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பையன். கழுத்தில் கயிறு மாட்டியாகிவிட்டது. அந்த நேரம் கூட்டத்திலிருந்து ஒரு குரல், இவனுக்கு இதில் சம்பந்தமில்லை என்றது. கயிற்றைக் கழற்றி விட்டார்கள். அவரைப் பின்னால் சிறையில் போட்டது அரசாங்கம். நான்கு வருஷம் உள்ளே இருந்தார். தூக்கில் போட்டவர்களில் ஒருவருக்கும் தண்டனை கிடையாது.

பள்ளிக்கூட குரூப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் அடியில் பெயர் எழுதித் தருவது எங்கள் வழக்கம். ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக’ என்று ஆரம்பித்து, நிற்பவர்கள் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று ஒரு பிள்ளை விடாமல் எழுதுவோம். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தத் தாய் ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்பாள். மேரியன் சின்ன ஊர். அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதில் நாலு பேரையாவது தெரிந்திருக்கும். இடமிருந்து வலமாகப் பெயர் எழுத அந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் போதும். எழுதத்தான் யாரும் இல்லை.

மேரியனில் மட்டும் நடந்த கதை இல்லை இது. கும்பல் கொலை நடந்த ஊர்களில் மரண விசாரணை அதிகாரி வருவார், உடலைப் பார்ப்பார், ‘அடையாளம் தெரியாத நபர்களின் கையால் மரணம்’ என்று எழுதிக் கோப்பை மூடுவார். ஊருக்கு ஊர் அதே வாசகம். அந்த வாசகத்தின் மை காய்வதற்குள், அதே நபர்கள் முகம் தெரிய நிற்கும் படம் கடையில் விற்பனைக்கு வந்துவிடும்.

‘லிஞ்சிங்’ என்று அவர்கள் சொல்வது, சட்டம் தண்டிக்கும் முன்பாகவோ சட்டத்தை மீறியோ ஒரு கும்பல் ஆளைக் கொல்வது. அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் வர்ஜீனியாவில் நீதிமன்றம் இல்லாமலே தண்டனை கொடுத்த சார்லஸ் லிஞ்ச் என்பவரின் பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். அது கறுப்பின மக்களின் கழுத்தைச் சுற்றிய கயிறாக ஆனது அடிமை முறை ஒழிந்த பிறகு. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைகளாக இருந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். ஆண்களுக்கு ஓட்டு வந்தது. கறுப்பினத்தவர் சட்டமன்றத்துக்கும் போனார்கள். 1877-ல் தென் மாநிலங்களில் காவலுக்கு நின்ற மத்திய அரசின் படை ஒதுங்கியது. காவல் போன இடத்தில் கும்பல் வந்தது. 1877-லிருந்து 1950 வரை 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இப்படிக் கொல்லப்பட்டதை மாண்ட்கோமரி நகரிலுள்ள ‘ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்’ அமைப்பு ஆவணங்களோடு பதிவு செய்திருக்கிறது. அதற்கு முன்பே டஸ்கீஜி கல்வி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருந்தது: 1882 முதல் 1968 வரை 4,743 பேர், அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர்.  

ஏன் கொன்றார்கள்? ‘எங்கள் பெண்களைத் தொட்டான்’ என்பதுதான் எப்போதும் சொன்ன காரணம். கறுப்பினத்தவரிலேயே பலர் அதைப் பாதி நம்பினார்கள். ஐடா பி. வெல்ஸ் என்ற பெண்மணியும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1862-ல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். மெம்ஃபிஸில் ஆசிரியை, பிறகு பத்திரிகைக்காரர். அங்கே அவருடைய நண்பர் தாமஸ் மாஸ், பகலில் தபால்காரர். சேர்த்த பணத்தில் கூட்டாளிகளோடு ‘பீப்பிள்ஸ் குரோசரி’ என்று ஒரு மளிகைக் கடை போட்டார். எதிரே ஏற்கெனவே வெள்ளையர் ஒருவரின் மளிகைக் கடை. அதுவரை வேறு போக்கில்லாமல் அங்கே வாங்கிக்கொண்டிருந்த ஜனம் மாஸ் கடைக்கு வர ஆரம்பித்தது. மீதியைச் சொல்ல வேண்டுமா? கோலிக்குண்டு விளையாட்டில் பிள்ளைகளுக்குள் வந்த சண்டை பெரியவர்களின் சண்டையாக வளர்ந்தது. ஒரு ராத்திரி ஆயுதத்தோடு ஆட்கள் கடைக்குள் வந்தார்கள், உள்ளிருந்தவர்கள் சுட்டார்கள். மாஸையும் இன்னும் இருவரையும் ஜெயிலில் வைத்தார்கள். 1892 மார்ச் 9 விடியுமுன் ஒரு கும்பல் அவர்களை வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது.

மாஸின் மகளுக்கு ஞானத்தாய் ஐடா வெல்ஸ். யாரையும் தொட்டதாக இந்த மூவர் மேல் ஒரு பேச்சுகூடக் கிடையாதே என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கொலை நடந்த ஊர்களுக்கு நேரில் போய் விசாரித்தார். எண்ணிக்கைக்கு அவர் நம்பியது ‘சிகாகோ டிரிப்யூன்’ என்ற வெள்ளையர் பத்திரிகை வருஷா வருஷம் வெளியிட்ட பட்டியலை. பொய்க்கணக்கு என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே, அதற்காக. கொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் மீதுதான் பெண் விஷயமாகக் குற்றச்சாட்டே இருந்தது, நிரூபணம் அப்புறம். மற்றவர்கள்? கூலி கேட்டவர்கள், எதிர்த்துப் பேசியவர்கள், கடை வைத்தவர்கள். அதே 1892 மே மாதம், அவர் வடக்கே போயிருந்த நேரத்தில், மெம்ஃபிஸில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்று செய்தி போனது. அவர் வெளியே இருந்தபடி எழுதினார். 1895-ல் ‘தி ரெட் ரெக்கார்டு’ வந்தது. பெயர், தேதி, ஊர், சொல்லப்பட்ட காரணம் என்று வரிசையாக. 1931-ல் அவர் இறந்தார். புலிட்சர் சிறப்பு விருது 2020-ல் வந்தது.

அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்துக்குச் சற்றுப் பின்னால், போட்டோவையே அஞ்சலட்டையாகப் பிரிண்ட் போடும் பழக்கம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பின்பக்கம் முகவரிக் கோடு அச்சடித்த பேப்பரையே விற்றார்கள். குழந்தை பிறந்தால் ஒரு கார்டு, புது வீட்டுக்கு ஒரு கார்டு. கும்பல் கொலைக்கும் ஒரு கார்டு. தபாலில் இப்படிப்பட்டவை போகக் கூடாது என்று 1908-ல் தடை வந்ததும் உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். டெக்சாஸிலிருந்து ஒரு மகன் தன் பெற்றோருக்கு அனுப்பிய கார்டு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. எரிந்து கரியான உடல் ஒன்று தொங்குகிறது, சுற்றிக் கூட்டம். நான் எங்கே நிற்கிறேன் பாருங்கள் என்று காட்ட, தன் தலைக்கு மேல் ஒரு சிலுவைக் குறி போட்டிருக்கிறான். அப்பா என் தொழிலில் எனக்குக் கற்றுக் கொடுத்ததெல்லாம் முகத்தை யாராவது அடையாளம் காட்ட வேண்டும் என்பதுதான். இவன் தானே காட்டிக் கொடுத்திருக்கிறான், கையெழுத்தும் போட்டு.

டெக்சாஸில்தான் 1916 மே 15 அன்று, வேக்கோ நகரில், ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயதுப் பண்ணைக் கூலியைக் கொன்றார்கள். கொலை வழக்கில் ஜூரிகள் நான்கே நிமிஷத்தில் குற்றவாளி என்று சொன்னார்கள். தீர்ப்பு வந்த கையோடு நீதிமன்றத்துக்குள்ளிருந்தே இழுத்துப்போய் நகராட்சிக் கட்டடத்து முன்னால் எரித்தார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஊர் போட்டோகிராபர் ஃபிரெட் கில்டர்ஸ்லீவ் நகராட்சிக் கட்டடத்திலேயே கேமராவோடு தயாராக இருந்தார். அந்தப் படங்களும் கார்டாக விற்றன. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது: கறுப்பின உரிமைச் சங்கமான ‘என்.ஏ.ஏ.சி.பி.’, எலிசபெத் ஃப்ரீமன் என்ற வெள்ளைப் பெண்ணை வேக்கோவுக்கு அனுப்பியது. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்தவர். ஊர்க்காரர்களோடு நயமாகப் பழகி, படங்களை வாங்கினார், முன்னின்றவர்களின் பெயர்களையும் திரட்டினார். டூபாய்ஸ் என்பவர் ஆசிரியராக இருந்த, அந்தச் சங்கத்தின் ‘தி கிரைசிஸ்’ பத்திரிகை ஜூலையில் அந்தப் படங்களைத் தனி இணைப்பாகப் போட்டு நாடு முழுக்க அனுப்பியது. நினைவுப் பொருளாக விற்ற படம் சாட்சியாக மாறியது. ஊர்க்காரர்கள் அதற்கப்புறம்தான் கார்டு விற்பதை நிறுத்தினார்கள். வழக்கு மட்டும் யார் மீதும் வரவில்லை.

சாவு வீட்டுப் படம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத கிழவிகள் நிறைய உண்டு. இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, மகன்களும் மருமகள்களும் சுற்றி நிற்பார்கள். பிரிண்ட் எடுக்கும் முன் நெகட்டிவில் நாங்கள் ‘டச்சிங்’ செய்வோம். பென்சிலைக் கூராகச் சீவி, குழிந்த கன்னத்தை நிரப்பி, உதட்டின் கறுப்பை எடுத்து, “நம்ம ஆத்தா தூங்குற மாதிரியே இருக்கு” என்று வீட்டார் சொல்லும் வரை செய்வோம். பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த டச்சிங் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மேமி டில் என்ற தாய் அதை வேண்டாம் என்று சொன்னது எத்தனை பெரிய காரியம் என்றும் தெரிகிறது.

அவருடைய ஒரே மகன் எம்மெட், 14 வயது. சிகாகோவிலிருந்து 1955 கோடை விடுமுறைக்கு மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போனான். மணி என்ற சிற்றூரின் மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஏதோ தப்பாக நடந்துகொண்டதாகச் சொல்லி, ஆகஸ்ட் 28 அன்று நள்ளிரவு தாண்டி, பெரிய மாமா மோஸ் ரைட் வீட்டிலிருந்து அவனைத் தூக்கிப் போனார்கள். மூன்று நாள் கழித்து டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி அரவை ஆலையின் கனத்த இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தார்கள். பெட்டி ரயிலில் சிகாகோ வந்தது. திறந்தே ஆக வேண்டும் என்றார் தாய். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. காலிலிருந்து தொடங்கி, கணுக்கால், முழங்கால் என்று தன் பிள்ளையை ஒவ்வொரு அங்குலமாகத் தேடி மேலே வந்ததாகப் பிற்பாடு சொன்னார். விரலில் கிடந்த மோதிரம் தகப்பனுடையது. அடக்கம் செய்பவர் கொஞ்சம் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் பிள்ளைக்குச் செய்ததை எல்லாரும் பார்க்கட்டும் என்றார் மேமி. பெட்டியைத் திறந்து வைத்தார். மூடியின் உட்புறத்தில் அவன் தொப்பி, டை அணிந்து சிரிக்கும் படங்களைக் குத்தி வைத்தார்கள். அந்த முகத்தையும் இந்த முகத்தையும் ஒரே பார்வையில் பார்த்தபடி பல்லாயிரம் பேர் வரிசையில் போனார்கள். டேவிட் ஜாக்சன் எடுத்த படம் கறுப்பினத்தவர் நடத்திய ‘ஜெட்’ வார இதழில் செப்டம்பர் 15 தேதியிட்ட இதழில் வந்தது. நான் அறிந்தவரை ஒரு போட்டோ இதைவிடப் பெரிய வேலையைச் செய்ததில்லை.

அந்த மாதமே சம்னர் நீதிமன்றத்தில் வெள்ளையர் இருவர் மீது விசாரணை. படம் எடுக்கத் தடை. மோஸ் ரைட்டுக்கு 64 வயது, குத்தகை விவசாயி. உன் வீட்டுக்கு வந்தவன் யார் என்று கேட்டபோது, எழுந்து நின்று, கையை நேராக நீட்டி, வெள்ளையரைச் சுட்டினார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பினத்தவர் அப்படிச் செய்தால் அன்றிரவு அவர் வீட்டில் தூங்க முடியாது. எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் போட்டோகிராபர் தடையை மீறி அந்தக் கணத்தை எடுத்துவிட்டார். மேரியன் படத்தில் நீண்ட கையையும் இந்தக் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? ஆற்றில் கிடைத்தது எம்மெட்டின் உடல்தான் என்பதற்கு என்ன சாட்சி, அடையாளமே தெரியவில்லையே என்று. பெற்றவள் கூண்டில் ஏறி, இது என் மகன் என்றாள். 12 வெள்ளை ஆண் ஜூரிகள் 67 நிமிஷத்தில் இருவரையும் விடுவித்தார்கள். சில மாதத்தில், ஒரு முறை விடுதலையானால் அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்ற தைரியத்தில், இருவரும் ‘லுக்’ பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று விவரமாகச் சொன்னார்கள்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது அவ்வளவு வறண்டது. கும்பல் கொலையை மத்திய அரசின் குற்றமாக்க 1900-லிருந்து சுமார் 200 முறை முயன்றார்கள். 1922-ல் டயர் மசோதா கீழ்சபையில் 231-க்கு 119 என்று வென்றது; செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் விடாமல் பேசியே அதைச் சாகடித்தார்கள். 2005 ஜூன் மாதம் செனட் மன்னிப்புத் தீர்மானம் போட்டது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான மேரி லாண்ட்ரூவின் மனத்தை அசைத்தது ஜேம்ஸ் ஆலனின் அந்தப் புத்தகம். அன்றைக்குச் செனட்டுக்கு வந்திருந்த 91 வயது முதியவர் ஒருவர் மேரியனில் கயிற்றிலிருந்து இறங்கிய ஜேம்ஸ் கேமரன்தான். 1988-ல் மில்வாக்கி நகரில் தன் மக்கள் பட்டதைச் சொல்லும் மியூசியம் தொடங்கியவர். 1993-ல்தான் இண்டியானா அவருக்கு மன்னிப்பு கொடுத்தது. கும்பல் கொலையை மத்திய அரசின் குற்றமாக்கும் சட்டம், எம்மெட் டில் பெயரில், 2022 மார்ச் 29 அன்றுதான் கையெழுத்தானது. அதைப் பார்க்க கேமரனும் இல்லை, மேமியும் இல்லை.

புத்தகத்தை மூடி மூன்று வாரம் கழித்து மகளிடம் மாண்ட்கோமரிக்குப் போகலாமா என்று கேட்டேன். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். எல்லை தாண்டும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞரின் அமைப்பு அங்கே ஒரு மேட்டில் 2018 ஏப்ரலில் நினைவிடம் திறந்திருக்கிறது. 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், ஆள் உயரம்; ஒவ்வொன்றும் ஒரு மாவட்டத்துக்கு. அந்த மாவட்டத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயரும் தேதியும் எஃகில் வெட்டியிருக்கிறது. பெயர் கிடைக்காத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருக்கிறது. எஃகு துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் நிற்கிறது. உள்ளே நுழையும்போது தூண்கள் நம் கண்ணுக்கு நேராக இருக்கும். பெயரை விரலால் தடவலாம். நடக்க நடக்கத் தரை சரிந்துகொண்டே போகும். தூண்கள் அதே உயரத்தில் நிற்க, நாம் கீழே போய்விடுவோம். ஒரு கட்டத்தில் அவை தலைக்கு மேல் தொங்கும். அண்ணாந்து பார்த்தபோதுதான் மேரியன் கூட்டம் நின்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள் என்று உறைத்தது.

சுவரில் சின்னச் சின்ன வாசகங்கள். 1933-ல் பர்மிங்ஹாமில் எலிசபெத் லாரன்ஸ் என்ற பெண். தன் மேல் கல்லெறிந்த வெள்ளைப் பிள்ளைகளைக் கண்டித்ததற்காக. 1940-ல் லுவெர்னில் ஜெஸ்ஸி தார்ன்டன். போலீஸ்காரரைப் பெயருக்கு முன் ‘மிஸ்டர்’ போடாமல் அழைத்ததற்காக. மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் இந்த இடத்தில் நின்றுவிட்டாள். நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஆளைப் பார்த்து ‘ஐயா’ போட்டதையும் போடாததையும் கணக்கு வைத்திருந்த தெருக்களை நான் அறிவேன்.

அந்த அமைப்பின் மியூசியத்தில் கண்ணாடி ஜாடிகளில் மண் வைத்திருக்கிறார்கள். கொலை நடந்த இடத்துக்கே போய், சில இடங்களில் குடும்பத்தார் கையாலேயே, தோண்டி எடுத்த மண். ஜாடிக்கு ஜாடி நிறம் வேறு: கறுப்பு, சிவப்பு, மணல் வெளுப்பு. எங்கள் டார்க் ரூம் அலமாரியில் கெமிக்கல் ஜாடிகளில் அப்பா தேதியெழுதி ஒட்டிவைத்த மாதிரி, ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், தேதி.

நினைவிடத்திலிருந்து கிளம்பும் முன் ஒரு கறுப்பின மூதாட்டி என் கழுத்தில் கேமராவைப் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார். அவருடைய பாட்டியின் தம்பியாம். நுழைவாயிலுக்குப் பக்கத்துத் தூணில் பெயர் இருக்கிறது. கூட நின்று ஒரு படம் வேண்டும். தூணருகே போய் நின்று, பெயரின் மேல் விரலை வைத்தார். வெயில் நேராக அடித்ததால் வெட்டிய எழுத்தில் நிழலே இல்லை, துருவோடு துருவாக மங்கிக் கிடந்தது. வெயில் சாயட்டும், எழுத்து நன்றாக எழும்பும் என்று மகளைச் சொல்லச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அங்கிருந்த திண்டில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம். அந்தத் தம்பி பிடில் வாசிப்பார் என்று பாட்டி சொல்லியிருக்கிறாராம். படம் ஒன்றுகூடக் கிடையாதாம்.

வெயில் பக்கவாட்டில் வந்தது. அவர் நின்ற இடத்தில் அவர் முகத்தில் பாதி இருட்டு விழுந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லு பாப்பா என்றேன். மகள் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:

“அவங்க முகம் எப்படி வந்தாலும் பரவாயில்லையாம் அப்பா. பேரு விழணுமாம்.”